கூரை எவ்வளவு தாங்கும்?

சைக்கிளையும் கூடாரத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு பொதிகை அடிவாரம் வருகிறவர்கள், ரேக் வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஆடி அமாவாசைக்கு முந்தைய நாட்களில் விக்கிரமசிங்கபுரம் மெயின் ரோட்டில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஒரு வண்டியின் தலையில் என்னவெல்லாம் ஏற்ற முடியும் என்பதைக் கண்ணாலேயே படித்துவிடலாம். வேன்களின் கேரியரில் அண்டா, குத்துப்போணி, விறகுக் கட்டு, பாய்ச் சுருள், தார்ப்பாய், பந்தல் கம்பு. கார்களின் கூரையில் போர்வையை விரித்து, அதன்மேல் மூட்டைகளை அடுக்கி, நைலான் கயிற்றைக் கதவு வழியாக உள்ளே இழுத்துக் கட்டியிருப்பார்கள். எல்லாம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற சுமை. அந்தக் கோயிலில் இருக்கும் பட்டவராயன் சாமிக்கு நேர்ந்துகொண்ட காணிக்கைச் செருப்பும் அதில் ஏதாவது ஒரு மூட்டைக்குள் இருக்கும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டக் குடும்பங்களுக்குக் ‘கேம்பிங்’ புதிதல்ல. காட்டுக்குள் குடில் போட்டு, ஆற்றில் குளித்து, பொங்கலிட்டு, கிடா வெட்டி, குடும்பத்தோடு தங்கிவிட்டு வருவது இங்கே தலைமுறைகளாக நடக்கிறது. மாறியிருப்பது வண்டியும் சுமையும்தான். இப்போது வார விடுமுறைகளில் இதே சாலையில் வேறொரு கூட்டமும் வருகிறது. கார் கூரையிலோ டிக்கிக்குப் பின்னாலோ இரண்டு கியர் சைக்கிள், உள்ளே மடக்குக் கூடாரம், தூங்கும் பை, சின்ன அடுப்பு. அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், கடையம் என்று வயலும் மலையும் சேர்ந்து வரும் சாலைகளில் மிதிக்க வருகிறவர்கள்.

விக்கிரமசிங்கபுரத்துக்கு அது ஒரு வேடிக்கையான காட்சி. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி இங்கே பஞ்சாலை கட்டினார்கள். பின்னாளில் அது மதுரா கோட்ஸ் ஆனது. ஆலை ஷிப்ட் விடும் நேரத்தில் ரோட்டை நிறைத்தவை சைக்கிள்கள். தூக்குச்சட்டி, அரிசி மூட்டை, பின்னால் வீட்டுக்காரி, முன்னால் பிள்ளை என்று எல்லாவற்றையும் சுமந்த வண்டியைத்தான் இன்று காரில் வைத்துச் சுமந்து வருகிறோம். அப்படிச் சுமக்க எந்த ரேக் நல்லது? கடைக்காரரைக் கேட்டால் ரேக் எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்வார். நாம் முதலில் கேட்க வேண்டியது, கார் எத்தனை கிலோ தாங்கும் என்பதை.

கையேட்டில் ஒளிந்திருக்கும் எண்

காரோடு வந்த உரிமையாளர் கையேட்டை எடுங்கள். பெரும்பாலும் பாலித்தீன் உறையே பிரிக்காமல் டேஷ்போர்டு அறைக்குள் கிடக்கும். அதில் கூரை மீது ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை என்று ஓர் எண் இருக்கும். பல கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோவுக்குள். சிறிய கார்களுக்கு இன்னும் குறைவு. சில கார்களின் கையேடு, கூரையில் எதையும் ஏற்றாதே என்றே சொல்லிவிடுகிறது.

கூரை ஓரத்தில் வெள்ளி நிறத்தில் இரண்டு தண்டவாளம் ஓடுகிறதே, அதில் மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் சந்தையில் விற்கும் பல மாடல்களில் அந்த ரூஃப் ரெயில் வெறும் அலங்காரம். தகட்டோடு பசையாலும் கிளிப்பாலும் பிடித்திருக்கும். சுமை தாங்கச் செய்ததல்ல. அது உண்மையான ரெயிலா, அழகுக்கு ஒட்டியதா என்பதைக் கையேடுதான் சொல்லும். விற்பனையாளர் வாய்வழியாகச் சொல்வதை நம்பி அதில் முப்பது கிலோ ஏற்றக் கூடாது.

அந்த எண்ணில் ரேக்கின் எடையும் அடக்கம். 60 கிலோ தாங்கும் கூரையை எடுத்துக்கொள்வோம். குறுக்குக் கம்பி இரண்டும் சேர்ந்து 5 கிலோ. சைக்கிளைப் பிடிக்கும் தாங்கி ஒன்று 4 கிலோ, இரண்டுக்கு 8. மலைச் சாலைக்கான சைக்கிள் ஒன்று 15 கிலோ, இரண்டுக்கு 30. ஆக 43 கிலோ முடிந்தது. மீதி 17. அந்தப் பதினேழில் கூடாரம், பாய், தூங்கும் பை போன்ற லேசான சாமான்கள் அடங்கும். தண்ணீர் கேன் அடங்காது. கியர் சைக்கிளுக்குப் பதில் வீட்டில் இருக்கும் பழைய இரும்புச் சைக்கிளை ஏற்றினால் ஒன்றே 20 கிலோவை நெருங்கும்; மீதி இன்னும் சுருங்கும்.

வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை வேறு, நிற்கும்போது தாங்கும் எடை வேறு. கையேட்டில் இருப்பது ஓடும்போது உள்ள எண். நிற்கும் காரின் கூரை அதைப்போலப் பல மடங்கு தாங்கும். அதனால்தான் கூரையிலேயே விரிக்கும் கூடாரத்துக்குள் இரண்டு பேர் ஏறிப் படுக்க முடிகிறது. ஆனால் அந்தக் கூடாரமே 50, 60 கிலோ இருக்கும். அதைப் பொருத்திவிட்டால் ஓட்டத்துக்கான கணக்கு அங்கேயே முடிந்துவிடும். பக்கத்தில் சைக்கிளையும் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மேலேயா, பின்னாலேயா?

கார் ரேக் என்றதும் பலர் வாயில் வரும் பெயர் தூலே. 1942-ல் சுவீடனில் எரிக் தூலின் தொடங்கிய இந்த நிறுவனம் முதலில் செய்தது மீனவர்களுக்கான மீன் பொறி. 1960-களில்தான் கார் கூரைக்கு வந்தது. இன்று இந்தியாவிலும் கிடைக்கிறது. பெங்களூருவின் பிஎன்பி ரேக் நம்மூர்க் கார்களை மனதில் வைத்துச் செய்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் வகை நான்குதான்.

முதல் வகை கூரை ரேக். சைக்கிள் நிமிர்ந்து நிற்கும், டிக்கியைத் தாராளமாகத் திறக்கலாம், பின்கண்ணாடி மறையாது, நம்பர் பிளேட்டும் விளக்கும் தெரியும். குறை, உயரம். ஒன்றரை மீட்டர் காரின் மேல் ஒரு மீட்டருக்கு மேல் சைக்கிள். மொத்தம் 2.7 மீட்டரைத் தொடும். வீட்டு போர்டிகோ, ஓட்டல் வாசல் வளைவு, உயரக் கம்பி போட்ட ரயில்வே சுரங்கப்பாதை, தாழ்ந்து தொங்கும் ஆலங்கிளை என்று எல்லாம் எதிரி. மேலே சைக்கிள் இருப்பதை மறந்து போர்டிகோவுக்குள் விடுவதுதான் உலகம் முழுக்க இந்த வகை ரேக் உடையும் பிரபலமான வழி. ஸ்டியரிங் பக்கத்தில் ‘மேலே சைக்கிள்’ என்று ஒரு காகிதம் ஒட்டிவைப்பது கேலிக்குரிய காரியம் அல்ல. பதினைந்து கிலோ வண்டியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தத் தோளும் வேண்டும். உயரமான எஸ்யூவி என்றால் ஸ்டூலும் வேண்டும்.

இரண்டாவது, டிக்கிக் கதவில் பட்டைகளால் கட்டும் ஸ்ட்ராப் ரேக். விலை குறைவு, கழற்றுவது சுலபம், தூக்க வேண்டிய உயரமும் குறைவு. ஆனால் எல்லாக் காருக்கும் பொருந்தாது. கொக்கிகள் கதவின் உலோக விளிம்பில் பிடிக்க வேண்டும். மேல் விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தாலோ, விளிம்பே கண்ணாடியாக இருந்தாலோ கொக்கியை அங்கே மாட்டக் கூடாது. பட்டைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஒரு துளி மணல் இருந்தாலும் நூறு கிலோமீட்டரில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம் விழும். மாட்டும் முன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைப்பது கட்டாயம். சைக்கிளை மாட்டிய பிறகு டிக்கி திறக்காது. ஆகவே வழியில் வேண்டிய சாப்பாடு, மாற்றுத்துணி, மழைக்கோட்டு எல்லாம் பின்சீட்டில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்டெப்னி மேல் பொருத்துவது. தார், கூர்க்கா, ஜிம்னி போலப் பின்கதவில் உபரிச் சக்கரம் தொங்கும் வண்டிகளுக்கு இதுதான் இயல்பான இடம். கதவின் கீலும் சேர்ந்து அந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்பதால் இரண்டு சைக்கிளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நான்காவது, இழுவைக் கொக்கியில் செருகும் ஹிட்ச் ரேக். மேலை நாடுகளில் இதுதான் ராஜா. இடுப்பு உயரத்தில் சைக்கிளை வைத்துப் பூட்டிவிடலாம். ஆனால் நம்மூர்க் கார்களில் தொழிற்சாலையிலேயே இழுவைக் கொக்கி பொருத்தி வருவது அபூர்வம். தெருமுனை வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று போனால் காரின் அடிச்சட்டமும் சட்டமும் ஒருசேரக் கேள்வி கேட்கும். புகைக்குழாய்க்கு நேராகச் சைக்கிள் டயர் அமைந்துவிட்டால் ஊர் போய்ச் சேர்வதற்குள் ரப்பர் வெந்துபோகும்.

காற்று குடிக்கும் பெட்ரோல்

கூரையில் வைத்தது எதுவானாலும் காற்றை எதிர்த்து நிற்கும். வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். கூரைப் பெட்டி வைத்த காரின் மைலேஜ் ஊருக்குள் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும், 105 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அதே பெட்டியைப் பின்னால் வைத்தால் நெடுஞ்சாலையிலும் இழப்பு 1 முதல் 5 சதவீதம்தான்.

இதைச் சென்னையிலிருந்து வருகிறவரின் கணக்காக மாற்றிப் பார்ப்போம். திருநெல்வேலி வரை சுமார் 620 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கொடுக்கும் கார் 39 லிட்டர் குடிக்கும். மைலேஜ் 15 சதவீதம் குறைந்தால் 46 லிட்டர். ஒரு வழிக்கு 7 லிட்டர் கூடுதல். திரும்பிப் போக இன்னொரு 7. திருநெல்வேலியில் இருந்து ஐம்பது கிலோமீட்டர் வந்துபோகிறவருக்கு இது பொருட்டே அல்ல. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று ஊர் ஊராக வரும் சாலையில் வேகமும் அவ்வளவு போகாது. ஆகவே தூரத்தில் இருந்து வருகிறவர் பின்பக்க ரேக்கை நோக்கியும், பக்கத்தில் இருந்து வருகிறவர் வசதியை நோக்கியும் சாயலாம். இருவரும் செய்ய வேண்டியது ஒன்று: ஊருக்குத் திரும்பியதும் ரேக்கைக் கழற்றி வைப்பது. வெறும் கம்பியும் காற்றைப் பிடிக்கும், ஊளையிடும்.

போலீஸ் கை காட்டினால்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு, 2019 திருத்தத்தில் வந்தது. வண்டியின் உடலைத் தாண்டிப் பக்கவாட்டிலோ, முன்னாலோ பின்னாலோ, அனுமதித்த உயரத்துக்கு மேலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் பொறுப்பும் நம்முடையது. சைக்கிளைப் பின்னால் குறுக்காக மாட்டும்போது முன்சக்கரம் காரின் அகலத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது இதனால்தான். தாண்டினால் சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றிப் பொருத்திய உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. முன்பக்கம் கட்டும் புல் பார்களுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டதும் 52-வது பிரிவைக் காட்டித்தான். கழற்றி மாட்டும் ரேக் வேறு, பற்றவைத்த இரும்புச் சட்டம் வேறு என்று சாலையில் வாதாடலாம். பற்றவைத்துவிட்டால் வாதாடவே வாய் இருக்காது. உங்கள் காருக்கென்று தயாரிப்பு நிறுவனமே துணைக்கருவியாக விற்கும் கம்பி இருந்தால் அதற்கே முதல் மரியாதை.

நம்பர் பிளேட்டும் பிரேக் விளக்கும் மறையக் கூடாது என்பது மூன்றாவது விதி. ஐரோப்பிய நாடுகளில் பின்பக்க ரேக்கிலேயே தனி விளக்குப் பலகையும் நம்பர் பலகையும் சேர்த்து விற்கிறார்கள். இங்கே உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டை நினைத்தபடி இன்னொன்று அடித்து மாட்ட முடியாது. பிளேட்டுக்கு மேலே சைக்கிளைத் தூக்கிப் பிடிக்கும் உயரமான ஸ்ட்ராப் ரேக்கைத் தேர்ந்தெடுப்பதே சிக்கல் இல்லாத வழி.

கட்டுவது ஒரு கலை

நல்ல ரேக்கில் மோசமாகக் கட்டியதைவிட, சுமாரான ரேக்கில் நன்றாகக் கட்டியது மேல். சைக்கிளை ஏற்றும் முன் பம்ப், தண்ணீர் பாட்டில், விளக்கு, சீட்டுப் பை எல்லாவற்றையும் கழற்றுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் பைக்காரர் மேல் அவைதான் முதலில் பறக்கும். இரண்டு சைக்கிள் என்றால் ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் நிறுத்தினால் ஹேண்டில்பார் இடிக்காது. பெடல் மற்ற சைக்கிளின் பிரேமில் உரசும் இடத்தில் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். கார்பன் பிரேம் என்றால் அதன் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ரேக் வேண்டாம். சக்கரத்தைப் பிடிக்கும் வகை வேண்டும்.

சாமான்களுக்கு நைலான் கயிற்றைவிடப் பல் சக்கரம் வைத்த ராட்செட் பெல்ட் நம்பகமானது. அதை இறுக்கும்போது நடுவில் ஒரு முறுக்குப் போடுங்கள். தட்டையாக விட்டால் காற்றில் படபடவென்று அடித்து, அதிர்ந்து அதிர்ந்தே இளகும். முறுக்கினால் சத்தமும் அடங்கும், கட்டும் நிற்கும். நீட்டிக்கொள்ளும் ரப்பர் கொக்கிக் கயிறு போர்வையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். எடையை அதை நம்பி விடக் கூடாது. புறப்பட்டு ஐந்தாவது கிலோமீட்டரில் ஓரம் கட்டி ஒருமுறை அசைத்துப் பாருங்கள். முதல் இளகல் அதற்குள் நடந்திருக்கும்.

கனமானது கீழே, லேசானது மேலே. இருபது லிட்டர் தண்ணீர் கேன் என்பது இருபது கிலோ. அதன் இடம் முன்சீட்டுக்குப் பின்னால் காலடியில். எரிவாயு சிலிண்டரை வெயில் காயும் கூரையில் ஏற்றவே கூடாது. பாபநாசம் பக்கம் வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இந்த மலைக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. மேலே நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்கும் இடங்கள். தார்ப்பாய் மூடியிருக்கிறது என்று நம்பித் தூங்கும் பையை நனையவிட்டால் இரவு முழுக்க நடுங்க வேண்டியதுதான். தண்ணீர் புகாத பைக்குள் போட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். அடுத்தது குரங்கு. படித்துறைப் பக்கம் காரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனால், தார்ப்பாயின் எந்த மூலை இளகியிருக்கிறது என்பதை உங்களுக்கு முன் அது கண்டுபிடித்துவிடும். தின்பண்டம் எதுவும் கூரையில் வேண்டாம்.

அகஸ்தியர்பட்டியில் இறங்கும் மூட்டை

பாபநாசம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-ல் அறிவித்த முண்டந்துறை சரணாலயமும் 1976-ல் அறிவித்த களக்காடு சரணாலயமும் 1988-ல் ஒன்றாகி, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. உள்ளே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. எந்த வண்டி, எந்த நேரம் என்பதை வனத்துறைதான் சொல்லும். சாவடியில் பிளாஸ்டிக் பைகளைச் சோதித்து வாங்கிக்கொள்வார்கள். கூரை மூட்டைக்குள் பாலித்தீன் இருந்தால் கட்டியதை எல்லாம் அங்கேயே அவிழ்க்க வேண்டியிருக்கும்.

ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கும் இப்போது காரோடு அய்யனார் கோயில்வரை போக முடிவதில்லை. அண்மை ஆண்டுகளில் தனியார் வாகனங்களை அடிவாரத்தில் உள்ள அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசுப் பேருந்தில்தான் அனுப்புகிறார்கள். தங்கும் நாட்களும் இடமும் ஒவ்வோர் ஆண்டும் நிர்வாகம் அறிவிப்பதுதான். கேரியரில் மலைபோல் அடுக்கி வந்த குடும்பம், பேருந்துப் படிக்கட்டில் அதையெல்லாம் கையால் ஏற்ற வேண்டும். அனுபவப்பட்டவர்கள் அதற்கேற்ப மாறிவிட்டார்கள். பெரிய கோணி மூட்டையைப் பிரித்து, ஓர் ஆள் ஒரு கையில் தூக்கும் அளவுப் பைகளாக்குகிறார்கள். அண்டாவுக்குள் அரிசியும் மளிகையும் போகின்றன. ‘இதையும் மேல போட்டுக்கலாம்லா?’ என்று பாட்டி கேட்டால், ‘கீழ எறக்கறது ஆரு?’ என்று பதில் வருகிறது.

கியர் சைக்கிள் கூட்டத்துக்கும் அந்தப் பதில் பொருந்தும். இந்தப் பள்ளத்தாக்கில் காரின் பயணம் அடிவாரத்தில் முடிந்துவிடுகிறது. அனுமதி உள்ள தங்குமிடத்திலோ தெரிந்தவர் தோப்பிலோ கூடாரம், சாவடிக்கு வெளியே உள்ள சாலைகளில் சைக்கிள் என்று திட்டமிட்டால் சாமான் தானாகப் பாதியாகும்.

யாருக்கு எது?

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, இரண்டு சைக்கிளோடு வரும் சிறிய கார் குடும்பத்துக்கு ஸ்ட்ராப் ரேக் போதும், கூடாரம் டிக்கிக்குள். மாதந்தோறும் கிளம்புகிறவர், கையேட்டில் கூரை எண் திடமாக உள்ள காரை வைத்திருந்தால், குறுக்குக் கம்பியும் கூரைத் தாங்கியும் வாங்கலாம். பெயர்பெற்ற வெளிநாட்டு வகையில் எல்லாம் சேர்த்துச் செலவு அரை லட்சத்தைத் தொடும். ஸ்டெப்னி பின்னால் உள்ள வண்டிக்கு ஸ்டெப்னி ரேக். ஆள் அதிகம், அண்டா குண்டாவோடு அய்யனார் கோயிலுக்கு என்றால் சொந்தக் காரை வதைக்காமல் வாடகை வேன் பிடிப்பது உத்தமம். தனியாக வரும் சைக்கிள்காரருக்கு எந்த ரேக்கும் வேண்டாம். ரயிலில் சைக்கிளைப் பதிவு செய்து திருநெல்வேலியில் இறக்கி, செங்கோட்டை மார்க்கத்தில் அம்பாசமுத்திரம் வந்துவிட்டால் அங்கிருந்து விக்கிரமசிங்கபுரம் பத்து கிலோமீட்டருக்குள். மிதித்தே வந்துவிடலாம்.

மற்றவர்கள் கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கையேட்டில் அந்த எண்ணைத் தேடிப்பிடியுங்கள். கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை எண்ணைத் தாண்டினால் பெரிய ரேக் வாங்கிப் பயனில்லை. பட்டியலில் இருந்து எதையாவது அடிக்க வேண்டும். அநேகமாக முதலில் அடிபடுவது அந்த மடக்கு நாற்காலிகளாகத்தான் இருக்கும். தாமிரபரணிக் கரையில் உட்காரப் பாறைக்கா பஞ்சம்?